மூன்றாவது துளையில் உடைந்த டிரில்: போஸ்ட் எழுதும் டிரில்லிங் சைக்கிளில் பிழை தேடும் விதம்

மூன்றே துளைதான். முதல் இரண்டும் சுத்தமாக வந்தன. மூன்றாவதுக்குப் போன 6.8 மி.மீ. டிரில் மேல்பரப்புக்கு மேலே நிற்கவே இல்லை. ரேப்பிடிலேயே, அதாவது வெட்டாமல் நகரும் முழு வேகத்திலேயே, அலுமினியத்துக்குள் இறங்கி மூன்று துண்டானது. டூல் போகும் பாதையைக் கணக்கிடும் கேம் (CAM) மென்பொருளில் சிமுலேஷன் ஒரு சிவப்புக்கூட இல்லாமல் ஓடியிருந்தது. நான் டூல் ஆஃப்செட்டைப் பார்த்தேன், வொர்க் ஆஃப்செட்டைப் பார்த்தேன், டிரில் வழுக்கியிருக்குமோ என்று கொலெட்டைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். மெஷினில் நின்ற அண்ணன் திரையில் ஓடிய ப்ரோகிராமை ஒரு நிமிஷம் படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மூணாவது லைன்ல ஆர் எங்க?"

இல்லை. இரண்டாவது துளை 10 மி.மீ. ஆழமான பாக்கெட்டின் தரையில் இருந்தது. ஆர் என்பது ரேப்பிட் முடிந்து, வெட்டும் வேகமான ஃபீடு தொடங்கும் உயரம்; அந்தத் துளைக்கு ஆர்-8. என்று வந்திருந்தது. மூன்றாவது மறுபடி மேல்பரப்பில், ஆர்2. வந்திருக்க வேண்டும். கேமின் பாதையை மெஷினுக்கான ஜி கோடாக மாற்றி எழுதும் போஸ்ட் அதை எழுதவில்லை. எழுதாத ஆர் என்றால் கன்ட்ரோலருக்குப் பழைய ஆர்தான். -8 வரை ரேப்பிடில் போ என்று சொன்னோம், போனது.

போஸ்டைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. ஆர் மாறியிருக்கிறதா என்று அது கடைசியாக எழுதிய ஆரோடு ஒப்பிடவில்லை; ஆபரேஷன் தொடங்கியபோது இருந்த ஆரோடு ஒப்பிட்டது. மூன்றாவது துளையின் ஆர் முதல் துளையின் ஆரேதான். "மாறவில்லையே" என்று விட்டுவிட்டது. இரண்டு துளையை வைத்துச் சோதித்திருந்தால் இந்தப் பிழை ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. ஒரு மதிப்பு மாற வேண்டும், பிறகு பழைய மதிப்புக்கே திரும்பவும் வேண்டும். அப்போதுதான் வெளியே வரும்.

அன்றிலிருந்து எந்த போஸ்ட் கைக்கு வந்தாலும் நான் முதலில் ஓட்டுவது மூன்று துளைத் தட்டுதான். இந்தக் கட்டுரை முழுக்க அதை வைத்துத்தான்.

சோதனைத் தட்டும் கையால் எழுதிய ப்ரோகிராமும்

கேமில் ஒரு சின்ன மாடல் வரையுங்கள். ஒய்20 கோட்டில் மூன்று துளை. எக்ஸ்20இல் முதலாவது, மேல்பரப்பில், ஆழம் 15. எக்ஸ்50இல் இரண்டாவது, 10 மி.மீ. பாக்கெட்டின் தரையில், தரையிலிருந்து ஆழம் 15. எக்ஸ்80இல் மூன்றாவது, மறுபடி மேல்பரப்பில், ஆழம் 12. மூன்றையும் ஒரே ஆபரேஷனில், இதே வரிசையில் கொடுங்கள். வரிசையை மென்பொருள் தானாக மாற்ற விடாதீர்கள்.

போஸ்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பு, இதே வேலைக்கான ப்ரோகிராமை நீங்களே கையால் எழுதுங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். சரியான விடை இன்னதென்று தெரியாமல் தவறைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். ஃபானுக் வகை மில்லிங் கன்ட்ரோலருக்கு நான் எழுதுவது இது. கட்டுரைக்காக எழுத்துகளைத் தமிழில் கொடுத்திருக்கிறேன்.

ஜி90 ஜி54 ஜி17 ஜி94
டி3 எம்6
ஜி0 எக்ஸ்20. ஒய்20. எஸ்2500 எம்3
ஜி43 எச்3 இசட்25. எம்8
ஜி98 ஜி83 எக்ஸ்20. ஒய்20. இசட்-15. ஆர்2. க்யூ3. எஃப்250.
எக்ஸ்50. இசட்-25. ஆர்-8.
எக்ஸ்80. இசட்-12. ஆர்2.
ஜி80

ஜி83 என்பது துளையை ஒரே மூச்சில் போடாமல், ஒவ்வொரு தடவையும் க்யூ அளவு இறங்கி (அதுதான் ஒரு பெக்) வெளியே வந்து போடும் சைக்கிள்; ஜி80 அதை முடிக்கும். இப்போது போஸ்ட் கொடுத்ததைப் பக்கத்தில் வையுங்கள். வரிசை எண்ணும் கமெண்டும் வேறாக இருந்தால் போகட்டும். சைக்கிள் தொடங்குவதற்கு முந்தைய வரியிலிருந்து ஜி80க்கு அடுத்த வரி வரை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கோப்புகளை ஒப்பிடும் மென்பொருள் எதுவாக இருந்தாலும் சரி. நான் இன்றும் காகிதத்தில் அச்செடுத்து அடிக்கோலை வைத்துத்தான் பார்க்கிறேன். அடிக்கோல் நகரும் வேகத்தில்தான் என் கண்ணும் ஒழுங்காகப் படிக்கும்.

சைக்கிளுக்கு முந்தைய வரி

இசட்25. என்ற அந்த வரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஜி98இல் டிரில் ஒவ்வொரு துளைக்குப் பிறகும் திரும்பிப் போவது சைக்கிள் தொடங்கியபோது இசட் இருந்த உயரத்துக்கு. போஸ்ட் அந்த வரியை விட்டுவிட்டால் தொடக்க உயரம் டூல் மாற்றிய இடமாக இருக்கலாம், முந்தைய ஆபரேஷன் விட்டுப்போன இடமாகவும் இருக்கலாம். முதல் வகையில் ஒவ்வொரு துளைக்கும் தலை உச்சிவரை போய் வரும், நேரம்தான் நஷ்டம். இரண்டாவது வகையில் கிளாம்பு இருந்தால் கிளாம்பும் நஷ்டம்.

ஜி99 என்றால் ஆர் உயரத்துக்கு மட்டும் திரும்பும். தட்டையான பிளேட்டில் ஐம்பது துளை போடும்போது அதுதான் வேகம். நம் சோதனைத் தட்டில் போஸ்ட் ஜி99 எழுதினால் என்ன ஆகும் என்று விரலால் காற்றில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது துளை முடிந்ததும் டிரில் -8இல் நிற்கிறது. அங்கிருந்து அப்படியே பக்கவாட்டில் எக்ஸ்80க்கு ரேப்பிட், பாக்கெட் சுவர் வழியாக. கேமில் துளைகளுக்கு நடுவே எந்த உயரத்தில் நகர வேண்டும் என்று நீங்கள் கொடுத்த தேர்வு, போஸ்டில் ஜி98ஆகவோ ஜி99ஆகவோ மாறுகிறதா என்று இரண்டு வகையிலும் ஒரு தடவை போஸ்ட் பண்ணிப் பாருங்கள். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே ஜி கோடை எழுதும் போஸ்டுகள் இருக்கின்றன.

மோடல் மதிப்புகள்: எழுதாததைத்தான் படிக்க வேண்டும்

ஒரு துளையின் எல்லா நகர்வையும் ஒரே வரியில் சொல்லும் ஜி83 போன்ற கேன்ட் சைக்கிளில் இசட், ஆர், க்யூ, எஃப் எல்லாம் ஒரு தடவை சொன்னால் அடுத்தது சொல்லும்வரை நிற்கும். அதை நம்பித்தான் போஸ்ட் எழுதுபவர்கள் மாறாத எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். கோப்பு சின்னதாகும், பார்க்கவும் அழகு. பிழைகளில் பாதி இந்தச் சிக்கனத்தால்தான் வருகின்றன.

நான் பார்த்தவை இரண்டு வகை. ஒன்று மேலே சொன்னது. இன்னொன்று, முதல் துளைக்கு மட்டும் முழு வரியை எழுதிவிட்டு மற்றவற்றுக்கு எக்ஸ், ஒய் மட்டும் எழுதுவது. இதில் நம் இரண்டாவது துளை, 15 மி.மீ. ஆழத்துக்குப் பதில் 5 மி.மீ. ஆழத்தோடு நின்றுவிடும், மூன்றாவது 3 மி.மீ. கூடுதலாகப் போகும். டிரில் உடையாது, சத்தமும் வராது. ஆய்வு மேசையில்தான் தெரியும். எனக்கென்னவோ டிரில் உடைகிற பிழையே தேவலை. அது பத்து நிமிஷத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

எங்கே திருத்துவது? ஃப்யூஷன் என்ற கேம் மென்பொருளில் போஸ்ட் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. ஒவ்வொரு துளைக்கும் ஆன்சைக்கிள்பாயிண்ட் என்ற ஃபங்ஷன் ஓடும். அதற்குள் முதல் துளைக்கு ஒரு கிளை, மற்ற துளைகளுக்கு ஒரு கிளை இருக்கும். இரண்டாவது கிளையில்தான் பாருங்கள். மாஸ்டர்கேம் என்ற இன்னொரு மென்பொருளின் பிஎஸ்டி கோப்பில் பிடிரில், பிபெக், பிடேப் என்று சைக்கிளுக்கு ஒரு பிளாக். இரண்டாவது துளையிலிருந்து ஓடுவது அதே பெயரோடு அண்டர்ஸ்கோர் 2 சேர்ந்த பிளாக். எந்த வரியை எந்த இடம் எழுதியது என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். ஃப்யூஷன் போஸ்டில் செட்ரைட்ஸ்டாக் என்பதை ட்ரூ ஆக்கினால், வெளியே வரும் கோப்பிலேயே அது எழுதப்பட்ட வழியும் சேர்ந்து அச்சாகும். பார்த்து முடித்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

திருத்தம் என்று வந்தால் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. இசட், ஆர் இரண்டையும் ஒவ்வொரு துளைக்கும் எழுத வைத்துவிடுவேன். வரி கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். மெஷினில் நிற்பவருக்கு மேலே தேடாமல் அந்த வரியிலேயே எல்லாம் தெரியும்.

புள்ளி வைக்காத எண்

க்யூ3. என்பதில் கடைசியில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள். பல ஃபானுக் கன்ட்ரோலர்களில் 3401ஆம் பாராமீட்டரின் 0ஆம் பிட், புள்ளியில்லாத எண்ணை மி.மீ. என்று எடுப்பதா, மிகச் சிறிய அலகில் எடுப்பதா என்று முடிவு செய்கிறது. மிகச் சிறிய அலகு 0.001 மி.மீ. ஆக இருக்கும் மெஷினில் க்யூ3 என்று வந்தால் ஒரு பெக்குக்கு 3 மைக்ரான். ஆர்2இலிருந்து -15 வரை 17 மி.மீ.; ஐயாயிரம் பெக்குக்கு மேல். டிரில் அதே இடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். எதிர்ப்பக்கத்தில், மைக்ரானை நினைத்து க்யூ3000 என்று எழுதும் போஸ்டை, மி.மீ. என்று எடுக்கும் மெஷினில் போட்டால் பெக்கே இருக்காது. ஆழமான துளையில் சிப் அடைத்து டிரில் முறுக்கிக்கொள்ளும்.

ஜி82இல் டிரில் துளையின் அடியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் (டுவெல்) என்று சொல்லும் பி இதைவிடக் குழப்பம். ஃபானுக்கில் பி மில்லிசெகண்டு, புள்ளி இல்லாமல். பி500 என்றால் அரை விநாடி. ஹாஸ் கன்ட்ரோலரில் புள்ளி வைத்தால் விநாடி, வைக்காவிட்டால் மில்லிசெகண்டு. லினக்ஸ்சிஎன்சியில் விநாடி. ஃபானுக் போஸ்டின் பி1000ஐ அங்கே கொண்டுபோய் ஓட்டினால் டிரில் துளையின் அடியில் பதினாறு நிமிஷத்துக்கு மேல் சுற்றிக்கொண்டே நிற்கும். போஸ்டில் டுவெல்லுக்குத் தனி ஃபார்மட் இருக்கும். அதன் பெருக்கு எண்ணையும் தசம இடத்தையும் மாற்றினால் போதும்.

பெக் முடிந்து மறுபடி இறங்கும்போது பழைய ஆழத்துக்கு எவ்வளவு மேலே ரேப்பிடை நிறுத்துகிறது என்பதைப் போஸ்டில் தேடாதீர்கள். நான் ஒரு முழு மதியத்தை அதில் தொலைத்திருக்கிறேன். ஃபானுக் மில்லிங்கில் ஜி83க்கு அது 5115ஆம் பாராமீட்டர். துளைக்கு வெளியே வராமல் கொஞ்சம் மட்டும் பின்வாங்கிப் பெக் போடும் ஜி73க்கு, அது பின்வாங்கும் அளவு 5114. ஹாஸில் 22ஆம் செட்டிங். அது ப்ரோகிராமில் வராத எண். கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது.

டேப்பிங்

டேப் என்பது துளைக்குள் த்ரெட் வெட்டும் டூல். இங்கே அவசரப்படாதீர்கள். டிரில் உடைந்தால் டிரில்தான் போகும். டேப் உடைந்தால் ஜாபும் சேர்ந்து போகும்.

எம்8 x 1.25 டேப் (8 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. பிட்ச்), 500 ஆர்பிஎம். ஃபீடை நிமிஷத்துக்கு இத்தனை மி.மீ. என்று எடுக்கும் ஜி94இல் எஃப் 625 வர வேண்டும். சுற்றுக்கு இத்தனை மி.மீ. என்று எடுக்கும் ஜி95இல் எஃப் 1.25. இரண்டும் சரி, ஒன்றின் எண் மற்றதோடு சேர்ந்தால்தான் ஆபத்து. போஸ்ட் டேப்புக்கு ஜி95 எழுதிவிட்டு ஜி80க்குப் பிறகு ஜி94ஐத் திருப்பி எழுதுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எழுதாவிட்டால் அடுத்த எண்ட் மில்லின் எஃப்400 ஒரு சுற்றுக்கு 400 மி.மீ. ஆகிவிடும். மெஷின் அலாரம் கொடுத்து நின்றால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஸ்பிண்டிலின் சுற்றும் இசட்டின் நகர்வும் பூட்டியதுபோல் சேர்ந்து போவது ரிஜிட் டேப். ஃபானுக்கில் அதற்கு வழக்கமாக டேப்பிங் சைக்கிளான ஜி84க்கு முன்னால் எம்29 எஸ்500 வரும். 5200ஆம் பாராமீட்டரின் 0ஆம் பிட் 1 ஆக இருந்தால் எம்29 இல்லாமலே ஜி84 ரிஜிட்தான். எம்29 எழுதும் போஸ்டில், அதற்கும் ஜி84க்கும் நடுவே எஸ்ஸோ, அச்சு நகர்வோ, கூலன்ட் வரியோடு ஒட்டிக்கொண்ட ஒரு இசட்டோ வந்திருந்தால் அலாரம் அடிக்கும். போஸ்டில் எம்29 எழுதும் வரியைச் சைக்கிள் வரிக்கு நேர் மேலே இழுத்து வையுங்கள்.

இன்னொன்று, தசம இடம். 5/16 அங்குலம் 18 த்ரெட் டேப்பின் பிட்ச் 1.4111 மி.மீ. போஸ்டில் ஃபீடு ஃபார்மட் ஒரே தசம இடம் என்றால் ஜி95இல் எஃப்1.4 என்று வரும். ஒரு சுற்றுக்கு 0.011 குறை. இருபது சுற்றில் 0.2 மி.மீ.க்கு மேல். ரிஜிட் டேப்பில் அதைத் தாங்க ஸ்பிரிங் கிடையாது. த்ரெட் பிய்ந்து வரும், கேஜ் போகாது, எல்லோரும் டேப்பின் பிராண்டைத் திட்டுவார்கள். டேப்புக்கு மட்டும் நான்கு தசம இடத்தில் தனி ஃபார்மட் வைத்துவிடுங்கள்.

ஜி80க்கு அடுத்த வரி

சைக்கிள் முடிந்ததும் போஸ்ட் தன் நினைவில் வைத்திருக்கும் நகர்வுக் கோடை மறக்க வேண்டும். மறக்காவிட்டால் "ஜி0 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று நினைத்து வெறும் எக்ஸ், ஒய் மட்டும் எழுதும். ஃபானுக்கில் ஜி80க்குப் பின் பழைய ஜி0 தொடரும், தப்பிக்கும். லினக்ஸ்சிஎன்சியில் ஜி80க்குப் பின் நகர்வுக் கோடு இல்லாத வரி பிழை. ஜி80யே விட்டுப்போய், ஜி0உம் விட்டுப்போனால் அடுத்து போகும் இடத்திலெல்லாம் ஒரு துளை விழும். ஜி80க்கு அடுத்த நகர்வில் ஜி0 அல்லது ஜி1 கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஃபானுக் அல்லாதவை

ஹைடன்ஹைனில் சைக்கிள் 200. க்யூ203 மேல்பரப்பு, க்யூ201 ஆழம். ஆழம் மேல்பரப்பிலிருந்து கணக்கு, மைனஸ் குறியோடு. நம் இரண்டாவது துளைக்கு க்யூ203 = -10, க்யூ201 = -15 என்று வர வேண்டும். ஃபானுக் போஸ்டைப் பிரதி எடுத்து மாற்றியவர்கள் க்யூ201இல் -25 என்று போட்டுவிடுவார்கள்; துளை -35க்குப் போகும். மேல்பரப்பு 0வாக இருக்கும் துளைகளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால் இந்தப் பிழை வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். மூன்று துளைத் தட்டில் முதல் பார்வையிலேயே மாட்டும்.

சீமென்ஸில் எம்கால் சைக்கிள்83 என்று எழுதி அடைப்புக்குறிக்குள் மதிப்புகளைக் காற்புள்ளி போட்டு அடுக்குவோம். இடம்தான் பொருள். தேவையில்லாத மதிப்பை விடும்போது காற்புள்ளியையும் சேர்த்து விட்டுவிட்டால், பின்னால் இருப்பவை எல்லாம் ஓர் இடம் முன்னால் நகரும். டுவெல்லோ ஆழமோ வேறொரு மதிப்பின் இடத்தில் போய் உட்காரும். காற்புள்ளிகளை எண்ணுங்கள். முடிவில் வெறும் எம்கால் தனி வரியில் வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த நகர்விலும் துளை போடும்.

கிர்பல் போர்டுக்கு கேன்ட் சைக்கிளே தெரியாது. ஜி81 அனுப்பினால் 20ஆம் எண் பிழை. அங்கே போஸ்ட் ஒவ்வொரு துளையையும் ஜி0, ஜி1ஆகப் பிரித்து எழுத வேண்டும். ஃப்யூஷனில் எக்ஸ்பேண்ட்சைக்கிள்பாயிண்ட் அதைச் செய்யும். மாஸ்டர்கேமில் யூஸ்கேன்டிரில் போன்ற ஸ்விட்சுகளை நோ ஆக்க வேண்டும்.

லேத் போஸ்ட் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மில்லிங்கில் ஜி74 இடக்கை டேப்பிங், ஃபானுக் லேத்தில் அது முகப்பு பெக் டிரில்லிங். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிரதி எடுக்காதீர்கள்.

போஸ்டைக் குறை சொல்வதற்கு முன்

துளை ஆழம் சரியில்லை என்று வரும் புகாரில் பாதி போஸ்டைச் சேர்ந்ததே இல்லை. 118 டிகிரி டிரில்லின் முனை, விட்டத்தில் 0.3 பங்கு நீளம், 10 மி.மீ. டிரில்லுக்கு 3 மி.மீ. கேமில் முழு விட்டம்வரை ஆழம் என்ற தேர்வு ஒரு ஆபரேஷனில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் சரியாக இந்த அளவு வித்தியாசம் வரும். வித்தியாசத்தை அளந்து டிரில் விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 0.3 வந்தால் போஸ்டை மூடிவிட்டு கேமுக்குப் போங்கள். 140 டிகிரி கார்பைட் என்றால் 0.18 வரும்.

அது ஒத்துவராவிட்டால் கேம் போஸ்டுக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். எல்லா மென்பொருளிலும் நடுவே ஒரு தரவு உண்டு. ஃப்யூஷனில் டம்ப் போஸ்டை ஓட்டினால் ஒவ்வொரு துளைக்கும் போன மதிப்புகள் அப்படியே அச்சாகும், மாஸ்டர்கேமில் என்சிஐ கோப்பைத் திறக்கலாம். அங்கேயே எண் தவறாக இருந்தால் குற்றம் கேமில். அங்கே சரி, ஜி கோடில் தவறு என்றால் போஸ்டில். ஜி கோடும் சரி, மெஷின் மட்டும் வேறு மாதிரி நடக்கிறது என்றால் பாராமீட்டரில். சிமுலேஷனை இந்த வழக்கில் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். பெரும்பாலும் அது போஸ்டுக்கு முந்தைய பாதையைத்தான் காட்டுகிறது. ஜி கோடை அது படித்ததே இல்லை.

திருத்தியதை ஓட்டிப் பார்ப்பது

வெளியே வந்த கோப்பில் கையால் ஆரைச் சேர்த்து ஓட்டிவிடலாம் என்று தோன்றும். அன்று மாலை நானும் அப்படித்தான் செய்தேன், ஜாப் போக வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வேறொருவர் அதே ஆபரேஷனைப் புதிதாகப் போஸ்ட் பண்ணினார். இன்னொரு டிரில் போயிற்று.

போஸ்டின் பிரதியை எடுத்து, தேதியோடு பெயர் வைத்து, ஒரே ஒரு இடத்தை மாற்றுங்கள். சோதனைத் தட்டை மறுபடி போஸ்ட் பண்ணிக் கையால் எழுதியதோடு ஒப்பிடுங்கள். பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜாப் நான்கைந்தைப் புதிய போஸ்டில் எடுத்துப் பழைய கோப்போடு ஒப்பிடுங்கள். நீங்கள் மாற்ற நினைத்த இடத்தைத் தவிர வேறு ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

மெஷினில், வொர்க் ஆஃப்செட்டின் இசட்டை 100 மி.மீ. மேலே தூக்கிவிட்டு, ரேப்பிட் ஓவர்ரைடை 25 சதவீதத்தில் வைத்து, சிங்கிள் பிளாக்கில் ஓட்டுங்கள். இசட் டிராவல் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளைக்கும் ரேப்பிட் எந்த உயரத்தில் ஃபீடாக மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாவதில் 92, மூன்றாவதில் 102 என்று மெஷின் நிற்க வேண்டும், தூக்கிய 100ஐயும் சேர்த்து. திரையில் ஜி54 (வொர்க் ஆஃப்செட்) கணக்கிலான எண்ணைப் பார்த்தால் -8, 2 என்றே தெரியும்.

போஸ்டைத் திருத்திய பிறகு பழைய ஜாப்களை அப்படி ஒப்பிட்டபோது, ஐந்தில் நான்கில் ஒன்றும் மாறவில்லை. ஐந்தாவதில் ஒரே ஒரு வரியில் ஆர்2. புதிதாக முளைத்திருந்தது. எப்போதோ ஓட்டிய ஜாப் அது. அண்ணனிடம் கேட்டேன். "அதுவா, அந்தத் துளைக்கு எப்பவும் ரேப்பிடைக் கொறச்சு, கையை ஃபீடு ஹோல்டுல வச்சுக்கிட்டுதான் ஓட்டுவேன். மேல ஏற்கெனவே பெரிய துளை இருந்ததால பொழச்சது" என்றார்.